வேலைக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களுக்கு: எதை முதலில் பழகுவது, எதை அப்புறம்

படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்பவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவர்கள் பாடத்தில் தடுமாறுவது குறைவு. கேட்டதைச் சரியாகப் புரிந்துகொள்வது, நாலு வரியில் தெளிவாகப் பதில் எழுதுவது, எண்களைக் குழப்பாமல் அடுக்குவது, ஒரு வேலையைக் கடைசி வரை கொண்டுபோய் ஒப்படைப்பது ஆகியவற்றில்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று, வரிசை. பெரும்பாலானவர்கள் ரெஸ்யூமே எழுதத்தான் முதலில் உட்காருகிறார்கள். அதில் போட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சான்றிதழ் வகுப்புகளைத் தேடி ஓடுகிறார்கள். அந்தச் சான்றிதழைப் பற்றி நேர்காணலில் இரண்டாவது கேள்வி வந்தாலே தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. அதனால் இங்கே ரெஸ்யூமே எட்டாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் அதில் எழுதுவதற்கான விஷயத்தைச் சேர்ப்பவை.

தொடங்கும் முன்

இரண்டு செமஸ்டராவது கையில் இருந்தால் நல்லது. கடைசி செமஸ்டருக்கே வந்துவிட்டவர்கள் 1, 2, 5, 8, 9 ஆகிய படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். மற்றவற்றை வேலை தேடிக்கொண்டே பழகலாம்.

கணினி வேண்டும்; கல்லூரி ஆய்வகத்தில் இருப்பதே போதும். உங்கள் பெயரில் அமைந்த சொந்த மின்னஞ்சல் முகவரி வேண்டும். பல கல்லூரிகள் தாங்கள் கொடுத்த முகவரியைப் படிப்பு முடிந்தபின் மூடிவிடும். ஆகவே விண்ணப்பங்களுக்கு அதை நம்பவேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நீங்கள் எழுதியதைப் படித்துத் தயங்காமல் குறை சொல்லும் ஒரு ஆள். நண்பர்கள் "சூப்பர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு சீனியரையோ ஆசிரியரையோ பிடியுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் நாசூக்குப் பார்க்காமல் பதில் சொல்வார்கள்.

1. வேலை விளம்பரங்களைப் படித்துப் பட்டியல் எடுங்கள்

எந்தத் திறனைக் கற்பது என்பதை நண்பர் சேர்ந்த வகுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று பதவிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கான புதியவர்கள் நிலை விளம்பரங்களை இருபது வரை சேகரியுங்கள். ஒரு அட்டவணையில் பதவி, கேட்கும் திறன், எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று குறியுங்கள்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். "அறிக்கை தயாரிக்க வேண்டும்", "வாடிக்கையாளரிடம் பேச வேண்டும்", "தரவைச் சரிபார்க்க வேண்டும்" என்று வருபவைதான் அந்த வேலையில் தினமும் நடப்பவை. மென்பொருளின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செய்யும் காரியம் அவ்வளவு மாறாது.

விளம்பரத்தில் பத்துத் தகுதி இருந்தால் பத்தும் வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நிறுவனங்கள் தாங்கள் ஆசைப்படுவதையும் சேர்த்தே எழுதுகின்றன. திரும்பத் திரும்ப வரும் முதல் ஐந்தாறு திறன்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

2. வேலைக்கான எழுத்தைப் பழகுங்கள்

எல்லாத் துறைக்கும் பொதுவான திறன் இது. எந்தப் பாடத்திட்டத்திலும் போதுமான அளவு இல்லாததும் இதுதான். தேர்வில் பக்கம் நிரப்பிப் பழகிய கை, அலுவலகத்திலும் பக்கம் நிரப்பப் பார்க்கும். படிப்பவருக்கு அங்கே நேரமில்லை. முதல் இரண்டு வரியில் தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாவிட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவிடுவார்.

ஒரு மின்னஞ்சலில் இந்த வரிசை இருக்கட்டும்: என்ன வேண்டும், எப்போதைக்குள், ஏன், கூடுதல் விவரம். மாணவர்கள் இதை அப்படியே தலைகீழாக எழுதுகிறார்கள். நடந்த கதை முழுவதும் முதலில் வரும், கேட்க வந்தது கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

உதாரணத்துக்கு, "ப்ராஜெக்ட் சம்பந்தமாக" என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை. "கருத்தரங்கு அறை: வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் தேவை" என்ற தலைப்பைப் பார்த்தால், மின்னஞ்சலைத் திறக்காமலேயே விஷயம் புரிகிறது. "விரைவில் அனுப்புங்கள்" என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். நாளும் நேரமும் போட்டு எழுதுங்கள்.

அனுப்பும்போது முதலில் கோப்பை இணையுங்கள், அடுத்து செய்தியை எழுதுங்கள், முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். முகவரி இல்லாவிட்டால் கை தவறி அழுத்தினாலும் மின்னஞ்சல் போகாது. இணைப்பை மறந்து "மன்னிக்கவும், இதோ இணைப்பு" என்று இரண்டாவது மின்னஞ்சல் போடவும் வேண்டியிருக்காது. பதில் தர வேண்டியவர் பெயர் "டூ"வில் இருக்க வேண்டும்; தகவலுக்காக மட்டும் தெரிய வேண்டியவர் "சிசி"யில். "பிசிசி"யில் போடும் முகவரி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது அது உதவும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் கல்லூரிக் குழுக்கூட்டம் எதற்காவது குறிப்பெடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். யார் என்ன பேசினார் என்பதை விட்டுவிடுங்கள். எடுத்த முடிவு, அதைச் செய்ய வேண்டியவர், செய்ய வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் எழுதி, அன்றே எல்லோருக்கும் அனுப்புங்கள். சில கூட்டங்களில் இதைச் செய்தாலே, பேச்சிலிருந்து முடிவைப் பிரித்தெடுக்கும் பழக்கம் வந்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் மேல் நம்பிக்கை வர இந்த ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

3. எக்செல்லைத் தரவிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

கணக்கியல், மனிதவளம், ஆய்வகம், விற்பனை என்று எங்கே போனாலும் அட்டவணை உங்களுக்காகக் காத்திருக்கும். எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ, எதில் பழகினாலும் அடிப்படை ஒன்றுதான்.

புதியவர்கள் நேராக ஃபார்முலாவுக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன் தரவை அடுக்கும் விதத்தைக் கற்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு பதிவு, ஒரு நெடுவரிசைக்கு ஒரு வகைத் தகவல், மேலே ஒரே ஒரு தலைப்பு வரிசை. அழகுக்காகச் செல்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்தால் வரிசைப்படுத்துவதும் வடிகட்டுவதும் சிக்கலாகிவிடும். வந்த தரவை ஒரு ஷீட்டில் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலில் வேலை செய்யுங்கள். ஏதாவது தவறினால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டுமே.

அப்புறம் இந்த வரிசையில் பழகுங்கள்: வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல், சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றைக் கூட்டுவது), கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS, அவற்றை எண்ணுவது), எக்ஸ்லுக்அப் (XLOOKUP, ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுப்பது), பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை). எக்ஸ்லுக்அப் எக்செல் 2019 பதிப்பில் கிடையாது. 2021 முதல் உண்டு. பழைய பதிப்பு உள்ள இடங்களில் இதே மாதிரித் தேடும் பழைய ஃபார்முலாவான விலுக்அப் (VLOOKUP) தேவைப்படும் என்பதால் அதையும் தெரிந்து வைத்திருங்கள். விலுக்அப்பின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று போடாமல் விட்டால், அது சரியான பொருத்தத்தைத் தேடாது. தோராயமான பொருத்தத்தை எடுத்துக்கொண்டு, பார்க்க ஒழுங்காகத் தெரியும் தவறான விடையைக் கொடுக்கும்.

அடிக்கடி நடக்கும் வேறு சில தவறுகள் இவை. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், ஒருவரின் பெயருக்கு எதிரே இன்னொருவரின் மதிப்பெண் வந்து நிற்கும். வடிகட்டியபின் சம் போட்டால் மறைந்திருக்கும் வரிசைகளும் கூட்டலில் சேரும். கண்ணுக்குத் தெரிபவை மட்டும் வேண்டுமென்றால் சப்டோட்டல் பயன்படுத்த வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள எண்களில் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். இந்த மாதிரி எண்களுக்கு, உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியலை சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) ஆகச் சேமிக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் சரியாக வைத்திருக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

எந்த விடை வந்தாலும் அனுப்பும் முன் இரண்டு மூன்று பதிவுகளைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்தது போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள்

இது சின்ன விஷயம்தான், ஆனால் அடுத்த படிக்கு முன் முடித்துவிட வேண்டியது. "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று ஒரே ஃபோல்டரில் கிடந்தால் எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் பெயரின் தொடக்கத்தில் வையுங்கள். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-உம் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. பெயர்வாரியாக அடுக்கினாலே காலவாரியாகவும் அடுக்கப்பட்டுவிடும்.

நிரல் எழுதும் துறைக்குப் போகிறவர்கள், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டை (Git) இப்போதே பழகுங்கள். மாற்றத்தைப் பதிவது, கிளை பிரிப்பது, இணைப்பது, மோதலைத் தீர்ப்பது ஆகிய நான்கும் தெரிந்தால் முதல் வேலைக்குப் போதும்.

5. இன்னொருவர் பயன்படுத்தும் ஒரு வேலையை முழுதாக முடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வகுப்பு ப்ராஜெக்ட்டை மதிப்பெண் வந்ததும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதில் தவறு இருந்தாலும் யாருக்கும் பாதிப்பு இல்லை. வேலை அப்படிப்பட்டதல்ல; நீங்கள் செய்ததை நம்பி இன்னொருவர் அடுத்த காரியத்தைச் செய்வார். அந்தப் பொறுப்பின் பாரம் எப்படி இருக்கும் என்று கல்லூரியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். துறை நூலகத்தில் திரும்பி வராத புத்தகங்களின் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, மாணவர் மன்றத்தின் வரவு செலவை ஓர் ஆண்டுக்குப் பராமரிப்பது, ஆய்வகக் கருவிகளுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவது, ஒரு கருத்தரங்கின் பதிவு வேலையைப் பார்ப்பது போன்றவை. கேட்க எளிமையாக இருக்கலாம். செய்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேலைக்கு வேண்டிய எல்லாத் திறனும் இருக்கிறது.

முதலில், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இப்போது இதை எப்படிச் செய்கிறீர்கள்? எந்த இடத்தில் அதிக நேரம் போகிறது?" என்று கேளுங்கள். உண்மையான சிக்கல் அங்கேதான் வெளியே வரும்.

கேட்டதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எப்போது முடியும், அவர் உங்களுக்கு என்ன தர வேண்டும். அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். "எதைச் செய்ய மாட்டேன்" என்ற வரியைப் புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வேலை வளர்ந்துகொண்டே போகும், முடிவே வராது.

கால்வாசி முடிந்ததுமே கொண்டுபோய்க் காட்டுங்கள். முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அரைகுறையைக் காட்டக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அப்போது திருத்துவது ஒரு நாள் வேலை. கடைசியில் தெரிந்தால் மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும்.

முடித்தபின் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தொடர முடிகிறதா என்று பாருங்கள். குறிப்பைப் படித்து அவர் தனியே செய்வதைப் பக்கத்தில் இருந்து பேசாமல் கவனியுங்கள். அவர் நிற்கும் இடங்களில்தான் குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

செய்யும் காலம் முழுவதும் மாற்றத்தைக் குறித்து வையுங்கள். முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு, எத்தனை பதிவுகளைச் சரிசெய்தீர்கள் என்று. இந்த எண்கள் எட்டாவது, ஒன்பதாவது படிகளில் தேவைப்படும். அப்போது யோசித்தால் நினைவுக்கு வராது.

6. ஏஐ கருவிகளை இதற்கப்புறம் கையில் எடுங்கள்

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தவிர்க்கச் சொல்லவில்லை. பல அலுவலகங்களில் அவை அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. முதலில் நீங்களே எழுதி, நீங்களே கணக்குப் போட்டுப் பழகியிருந்தால்தான் அவை தரும் பதிலில் எது பிசகு என்று கண்டுபிடிக்க முடியும் என்பதால் இங்கே வைத்தேன்.

இந்தக் கருவிகள் இல்லாத தகவலையும் நம்பிக்கையான தொனியில் சொல்லிவிடும். எண், பெயர், மேற்கோள் எதையும் மூலத்தில் பார்க்காமல் எடுக்காதீர்கள். நிறுவனத்தின் ரகசியத் தரவையும் மற்றவரின் தனிப்பட்ட விவரத்தையும் அனுமதியில்லாமல் அதில் ஒட்டக்கூடாது. உங்கள் பெயரில் போகும் எதிலும், கேட்டால் விளக்க முடியாத ஒரு வரிகூட இருக்க வேண்டாம்.

7. கேட்கவும், தாமதத்தைச் சொல்லவும் பழகுங்கள்

தெரியாததைக் கேட்டால் திறமையில்லை என்று நினைப்பார்களோ என்று பயந்து, இரண்டு நாள் தனியே மல்லாடும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலாளரைக் கோபப்படுத்துவது அந்த இரண்டு நாள்தான்.

அரைமணி நேரம் நீங்களே முயலுங்கள். அப்புறம் கேளுங்கள். கேள்வியில் இவை இருக்கட்டும்: நான் செய்ய நினைத்தது இது, இதுவரை முயன்றவை இவை, வந்த விளைவு இது, என் சந்தேகம் இந்த இடத்தில். பிழைச்செய்தி வந்திருந்தால் அதை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள். "ஏதோ எரர் வருகிறது" என்றால் யாராலும் உதவ முடியாது. இப்படி எழுதும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும்.

கெடு தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். "புதன்கிழமை தருவதாகச் சொன்னேன். தரவு இன்னும் வரவில்லை. வியாழன் மாலை முழுதாகத் தரலாம், அல்லது புதனே முதல் பாதியைத் தரலாம். எது வசதி?" என்று கேட்டால், மற்றவர்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். கெடு முடிந்தபின் சொல்லும் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் யாருக்கும் பயன்படாது.

யாராவது உங்கள் வேலையில் குறை சொன்னால், உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். புரியாததை மட்டும் கேளுங்கள். திருத்தியபின் எதை எல்லாம் மாற்றினீர்கள் என்று அவருக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த முறை அவர் இன்னும் அக்கறையாகப் படிப்பார்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தால் இந்தப் பழக்கங்களோடு போங்கள். வெளியே வரும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். நீங்கள் செய்தவற்றில் எதை வெளியில் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் உங்களைப் பற்றி விசாரித்தால் பேசத் தயாரா என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் அப்போதே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு விவரம் மறந்திருக்கும்.

8. இப்போது ரெஸ்யூமே எழுதுங்கள்

புதியவருக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வரியும் என்ன செய்தீர்கள், எதைக் கொண்டு, என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். "கடின உழைப்பாளி, குழுவோடு நன்றாகப் பழகுபவர்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "மாணவர் மன்றத்தின் ஓர் ஆண்டு வரவு செலவை எக்செல்லில் பராமரித்து, மாதாந்திர அறிக்கை தயாரித்தேன்" என்பதை, செய்தவர் மட்டும்தான் எழுத முடியும்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருள் படித்துத் தகவலைப் பிரிக்கிறது. இரண்டு நெடுவரிசை வடிவமும், பெட்டிக்குள் அடைத்த எழுத்தும் அதைக் குழப்பலாம். படமாகச் சேமித்த பக்கத்தில் அது எதையுமே படிக்காமல் போகலாம். எளிய ஒற்றை நெடுவரிசையில் எழுதி, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல் வந்தால் சரி. கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். "ரெஸ்யூமே" என்ற பெயரிலேயே அவர்களிடம் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும்.

முதல் படியில் எடுத்த பட்டியலை இங்கே எடுங்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பதவிக்கும், அவர்கள் கேட்கும் காரியத்துக்கு நெருக்கமான வரியை மேலே கொண்டுவாருங்கள். செய்யாததைச் சேர்க்காதீர்கள். நேர்காணல் செய்பவர் எந்த வரியை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்.

9. நேர்காணலுக்கு நிகழ்வுகளைத் தயார் செய்யுங்கள்

"ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற வகைக் கேள்விகள்தான் புதியவர்களிடம் அதிகம் வருகின்றன. ஐந்தாவது படியிலிருந்தும் இன்டர்ன்ஷிப்பிலிருந்தும் ஐந்தாறு நிகழ்வுகளை எடுங்கள். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். பெரும்பாலானவர்கள் நிலைமையை விவரிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். கேட்பவர் காத்திருப்பது நீங்கள் செய்ததைக் கேட்கத்தான். "நாங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனால் உங்கள் பங்கு தெரியாது. குழு செய்ததைக் குழு என்றும், நீங்கள் செய்ததை "நான்" என்றும் சொல்லுங்கள்.

மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. வாய்விட்டுச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மனதில் தெளிவாக இருந்தது வாயில் வரும்போது எங்கே திக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள். நீங்களும் இரண்டு கேள்வி வைத்திருங்கள்: "முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?", "என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்?" இதற்கு வரும் பதிலை வைத்து அங்கே கற்றுக்கொள்ள முடியுமா என்று கணிக்கலாம்.

பணி வாய்ப்புக் கடிதம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். கைக்கு வரும் சம்பளம், தகுதிகாண் காலம், விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். வாயால் சொன்ன உறுதி கடிதத்தில் இல்லாவிட்டால், அதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.